கீழ்ப்பட்டையை வெட்டச் சொல்லாதீர்கள்

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. முன்னறையில் படத்தை நிறுத்தி வரையும் ஈசல் தாங்கியும் ஒரு ஸ்டூலும். பின்னறையில் தகரம், சட்டக் கட்டை, பெயிண்ட் டப்பா. அங்கே இருக்கும் ஓவியர், முன்பு கடை போர்டு எழுதிப் பிழைத்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்த வேலையைச் சுருட்டியதும், பழைய கடைச் சாமான்களைப் படமாக வரைந்து விற்க ஆரம்பித்தார். மிட்டாய் பாட்டில், தீப்பெட்டி, கோலி சோடா, மஞ்சப்பை, அல்வாப் பொட்டலம், எல்லாவற்றையும்விட அதிகமாகக் காலண்டர். ஊருக்கெல்லாம் போர்டு எழுதியவர் வாசலில் ஒரு போர்டு கிடையாது. மார்க்கெட் பக்கம் பெயிண்ட் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

கூலி சதுர அங்குலக் கணக்கு. கேன்வாஸில் அக்ரிலிக் பெயிண்ட் என்றால் 20 ரூபாய், ஆயில் பெயிண்ட் என்றால் 35 ரூபாய். 18க்கு 24 அங்குலப் படம் 432 சதுர அங்குலம். அக்ரிலிக்கில் 8,640, ஆயிலில் 15,120. எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரத்தில் எனாமல் படம் ஒன்று 2,500. சட்டம் தனி. பாதிப் பணம் முதலில். தகரப் படம் 10 நாள், அக்ரிலிக் 3 வாரம், ஆயில் என்றால் 2 மாதம் என்று சொல்வார்; 3 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடலாம். தகரப் படங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். காலண்டர் படங்களை, இரண்டு விஷயங்களைக் கறாராகப் பேசிக்கொண்டு வாங்கலாம். அல்வா, பணம் இருப்பவர்களுக்கு. '90ஸ் கிட்ஸ் செட்' என்று நான்கு சிறிய படங்களைச் சேர்த்து விற்கிறாரே, அது வேண்டாம். கம்ப்யூட்டர் பிரின்ட் வேண்டவே வேண்டாம்.

காலண்டரில் இருந்து தொடங்குவோம். இவரிடம் வருகிற ஆர்டரில் அதுதான் பெரும்பகுதி. அதிகம் கெட்டுப்போவதும் அதுதான்.

வீட்டுப் பூஜை அறையில் சட்டம் போட்டு மாட்டிய முருகனோ லட்சுமியோ மங்கிப்போயிருக்கும். அதைக் கழற்றிக்கொண்டு வந்து, "இதே மாதிரி புதுசா வரைஞ்சு குடுங்க" என்பார்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்தக் கடை காலண்டர்?" பலருக்குத் தெரியாது. ஏனென்றால் அந்தப் படம் வீட்டுக்கு வந்த மறுவருஷமே கத்தரிக்கோல் பட்டுவிட்டது. காலண்டர் என்பது மேலே ஒரு தகரப்பட்டை, நடுவில் சாமி, கீழே கடைப் பெயரும் ஊரும் போன் நம்பரும் அச்சடித்த ஒரு பட்டை, அதன்மேல் அல்லது அதன்கீழ் தேதித் தாள். டிசம்பர் முடிந்ததும் தேதி போய்விடும். கடைப் பெயரைச் சாமிக்குக் கீழே வைத்துக் கும்பிட முடியாது என்று அதையும் வெட்டிவிடுவார்கள். மிஞ்சுகிற சாமிக்குக் கண்ணாடி, சட்டம், குங்குமம்.

வெட்டியது தப்பில்லை, கும்பிடுவதற்கு. ஞாபகத்துக்காக வரையச் சொல்லும்போது அதே வெட்டுப்பட்ட படத்தை வரையச் சொல்வதுதான் தப்பு. காரணம் சிவகாசித் தொழில்முறையில் இருக்கிறது. அங்கே ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். கடைக்காரர் ஆல்பத்தைப் புரட்டி, நம்பர் சொல்லி, எத்தனை என்று ஆர்டர் கொடுப்பார். படம் ஏற்கெனவே மொத்தமாக அச்சாகியிருக்கும். கடைப் பெயர் மட்டும் கடைசியில் கீழ்ப்பட்டையில் ஏறும். அதே முருகன் முக்கூடலில் பீடிக் கம்பெனிக்காரர் கொடுத்ததாகவும், டவுனில் எண்ணெய்க் கடை கொடுத்ததாகவும், அம்பாசமுத்திரத்தில் நகைக்கடை கொடுத்ததாகவும் வீடு வீடாகப் போய்ச் சேருவார். சாமி எல்லாருக்கும் பொது. உங்கள் தெருவுக்கு மட்டும் சொந்தமானது அந்த ஒன்றரை அங்குலப் பட்டை. அதை வெட்டிவிட்டு மிச்சத்தை 'எங்க வீட்டுப் படம்' என்று வரைந்து வாங்கினால், அது எல்லார் வீட்டுப் படமும்தான்.

இது தெரிந்துதான் அவர் கேட்கிறார். "கம்பெனி பேரு வேண்டாம், சாமி மட்டும் போதும்" என்று ஒருவர் அடம்பிடித்தபோது வந்த பதில்: "அந்தப் பேரு இல்லன்னா இந்தச் சாமி உங்க வீட்டுக்கு வந்திருக்காதுல்லா, அண்ணாச்சி." வாடிக்கையாளர் பிடிவாதமாக நின்றால் பட்டை இல்லாமலும் வரைந்து கொடுத்துவிடுவார். ஆகவே கறாராகப் பேச வேண்டியது நீங்கள்தான்: பட்டையோடு, எழுத்தோடு, பழைய மூன்றிலக்க போன் நம்பரோடு. பட்டை போய்விட்டது, ஆனால் கடை ஞாபகம் இருக்கிறது என்றால் போதும். அந்தக் கால எழுத்து வகை அவர் கையில் இருக்கிறது. தடித்த எழுத்துக்கு நிழல் விழவைத்து, ஊர்ப் பெயரை மட்டும் வளைத்து எழுதும் அந்தக் கைத்திறன் இன்று எந்த ஃபான்ட்டிலும் கிடைக்காது. உண்மையில் இவருடைய காலண்டர் படங்களில் சாமி முகத்தைவிடக் கடைப் பெயர்தான் உயிரோடு இருக்கிறது. போர்டுக்காரர் கை அல்லவா.

இந்தப் படங்களின் பூர்வீகமே அப்படிப்பட்டதுதான். காலண்டர் சாமிகளுக்கு இந்தப் பக்கம் முகம் கொடுத்தவர் சி. கொண்டைய ராஜு, 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்து, கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி ஜில்லா, 1986இல்தான் பிரிந்தது. பக்கத்திலேயே சிவகாசி. 1923 வாக்கில் அங்கே தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது, அச்சகத்துக்கு வேலை வேண்டும் என்று காலண்டர் வந்தது. கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த படங்களில் தூணும் வளைவும் ஒதுக்கிக் கட்டிய திரையும் ஏன் அத்தனை இருக்கின்றன என்றால், அது நாடகக் கொட்டகையில் இருந்து வந்த பழக்கம். சாமி மேடையில் நிற்கிறார், விளக்கு முன்னாலிருந்து விழுகிறது, முகத்தில் நிழலே இல்லை. நம் ஓவியர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார். போட்டோ பார்த்துப் பழகிய கண் என்பதால் மூக்குக்கு ஒரு பக்கம் நிழல் போட்டுவிடுகிறார். நிழல் விழுந்தவுடன் முருகன் பக்கத்து வீட்டுப் பையனாகிவிடுகிறார். பென்சில் கோடு காட்டும்போதே "முகத்தில் நிழல் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கறார், நிறம். நிறைய பேர் ஏமாறும் இடம் இது, ஓவியர் உட்பட.

ஆஃப்செட் அச்சு நான்கு மையில் ஆனது: நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. வெயில் பட்டால் மஞ்சளும் ரோஸும் முதலில் போகும். நீலமும் கறுப்பும் நிற்கும். அதனால்தான் சன்னலுக்கு எதிரில் 20 வருஷம் தொங்கிய லட்சுமியின் சிவப்புச் சேலை சாம்பல் நீலமாகவும், தங்க நகை வெளிறிய பச்சையாகவும் இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தால், நோயாளியைப் பார்த்துப் படம் வரைந்த மாதிரிதான். சட்டத்தைக் கழற்றுங்கள். சட்டத்தின் உள்விளிம்பு மூடியிருந்த கால் அங்குல ஓரத்தில் வெயில் பட்டிருக்காது; அசல் நிறம் அங்கே ஒரு கோடாக ஒளிந்திருக்கும். அந்த ஓரத்தை ஓவியருக்குக் காட்டுங்கள். அவர் அதைப் பார்த்துக் கலவை போட்டால் சேலை அரக்குச் சிவப்புக்குத் திரும்பிவிடும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு தொல்லை, 'பழசு மாதிரி' கேட்பது. கேட்காவிட்டாலும் சில படங்களுக்கு அவரே முடிவில் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்புப் பெயிண்டைத் தண்ணியாகக் கரைத்து மேலே ஒரு பூச்சுக் கொடுத்துவிடுகிறார், டீத்தூள் தண்ணீரில் நனைத்த மாதிரி. காலண்டர் ஒருபோதும் அப்படிப் பழசாகாது. அட்டை பழுப்பாகும், அதில் இருக்கும் மரக்கூழால்; மை நீலமாகும். மொத்தமும் காப்பி நிறமாவது பழைய போட்டோவின் குணம், அதுவும் இப்போது போனில் ஒரு பொத்தான் தட்டினால் வருகிற குணம். மேற்பூச்சு வேண்டாம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். பூசிவிட்டால் எடுக்க முடியாது. அக்ரிலிக் அக்ரிலிக்கோடு ஒட்டினால் ஒட்டினதுதான்.

சாமான் படங்களுக்கு வருவோம். சாமானை உபயோகித்தவரா, படத்தில் பார்த்தவரா என்பது இங்கே உடனே தெரிந்துவிடும். கோலி சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. சோடா நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் வாயு, கோலியை மேலே ரப்பர் வளையத்தோடு அழுத்தி வைத்திருக்கும். கோலி வாய்க்கு நேர் கீழே இருக்கும். கட்டையால் அழுத்தி உடைத்த பிறகு கோலி கழுத்துக் கூட்டுக்குள் விழுந்து இடுக்கில் நிற்கும், பாட்டிலின் அடிக்குப் போகாது. கழுத்தில் ஒரே பக்கமாக இரண்டு குழி இருக்கும். குடிக்கும்போது அந்தப் பக்கம் கீழே வருகிற மாதிரி சாய்த்தால் கோலி குழியில் தங்கும், சோடா தடையில்லாமல் வரும். மாற்றிப் பிடித்தால் கோலி வாயை அடைக்கும். முன்னறைச் சுவரில் தொங்கும் பெரிய சோடாப் படத்தில் இதெல்லாம் சரியாக இருக்கிறது. உடைத்த பாட்டில், கோலி இடுக்கில், இரண்டு குழியிலும் இரண்டு வெளிச்சப் பொட்டு. '90ஸ் செட்'டில் இருக்கும் சிறிய சோடாப் படத்தில் கோலி பாட்டிலின் நட்ட நடுவில் அந்தரத்தில் மிதக்கிறது! ஒரே ஆள் கைதான். செட்டுப் படங்களை வேகமாக, ஒன்றைப் பார்த்து ஒன்றாக இழுப்பதால் வருகிற கோளாறு.

தீப்பெட்டியும் அப்படித்தான். பழைய பெட்டி அட்டை அல்ல. மெல்லிய மரச்சீவலை மடித்து நீலத்தாள் ஒட்டியது. மூலையில் தாள் தேய்ந்து மர நார் தெரியும். உள்பெட்டியின் ஓரத்தில் நீலத்தாள் கொஞ்சம் உள்பக்கமாக மடிந்திருக்கும். பக்கத்து மருந்துப் பட்டையில் கீறல் எப்போதும் ஒரே திசையில், சரிவாக இருக்கும். தகரத்தில் வரைந்த தீப்பெட்டியில் இந்த மூன்றும் இருக்கின்றன. லேபிளில் மட்டும் ஒரு சங்கடம். நிஜக் கம்பெனிப் பெயரை எழுதத் தயங்கி ஒரு எழுத்தை மாற்றிவிடுகிறார். அந்த ஒரு எழுத்தில் கண் போய் முட்டும், படம் போய்விடும். அவரே சில படங்களில் இதற்கு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்: டப்பாவைச் சற்றுத் திருப்பி வைத்துப் பாதிப் பெயரை மட்டும் காட்டுவது. உருண்டையான டப்பாவில் எழுத்து ஓரத்தில் ஒடுங்கி மறையும் அழகும் சேர்ந்துவிடும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த இடத்தில் இருப்பதிலேயே நல்ல படம் ஒரு பிராண்டும் இல்லாதது. பலசரக்குக் கடையின் பொட்டல நூல். ஒரு பழைய பால் பவுடர் டின், அடியில் ஆணியால் குத்திய ஓட்டை, உள்ளே நூல்கண்டு, தலைக்கு மேலே வளையத்தில் தொங்குகிறது. ஓட்டை வழியே நூல் நேராக இறங்கிப் படத்தின் கீழ்விளிம்பை வெட்டிக்கொண்டு போகிறது. கடைக்காரர் இல்லை, பொட்டலம் இல்லை. டின், நூல், பின்னால் ஒரு மங்கிய சுண்ணாம்புச் சுவர், அவ்வளவுதான். பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றித் துரு வட்டம். நூல் உரசி உரசி ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு. நூல் நேர்கோடாகத் தெரியும், ஆனால் கடைசி நான்கு அங்குலம் மெல்லச் சுருண்டிருக்கிறது, இப்போதுதான் யாரோ அறுத்து இழுத்து விட்ட மாதிரி. 12க்கு 36 அங்குல ஒடுங்கிய கேன்வாஸ், 432 சதுர அங்குலம்தான். இது விற்பனைக்கு இல்லை என்கிறார். இதைப்போல இன்னொன்று வரைந்து தரச் சம்மதிக்கிறார். அந்த நூலை அவர் இழுத்தது தூரிகையால் அல்ல, சுண்ணாம்புக் கயிறு அடித்து எழுத்துக்குக் கோடு போடும் அந்தப் பழைய போர்டு முறையில், வெள்ளைப் பெயிண்டில் நனைத்த நூலைத் தட்டி. அருகில் பார்த்தால் நூல் தட்டிய இடத்தில் இரு பக்கமும் பொடிப்பொடியாகத் தெறித்த புள்ளிகள் தெரியும். அதைத் துடைக்காமல் விட்டது நல்ல காரியம்.

மிட்டாய் பாட்டில் படங்களைப் பார்த்தவர்களுக்கு வேய்ன் தீபோ நினைவுக்கு வரலாம். 1920இல் பிறந்து 2021இல் மறைந்த அமெரிக்க ஓவியர். அவரும் இளமையில் போர்டு எழுதி, விளம்பரப் படம் வரைந்து வந்தவர்தான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் கேக்குகளைப் பெரும்பாலும் ஞாபகத்திலிருந்தே வரைந்தார். 1962இல் ஆண்டி வார்ஹால் 32 சூப் டப்பாக்களை அச்சுப்போல ஒரே மாதிரி வரிசை கட்டினார் என்றால், தீபோவின் கேக் ஒவ்வொன்றும் கையால் கிரீம் தடவியதுபோல இருக்கும். அவர் நிழலைக் கறுப்பாகவோ பழுப்பாகவோ போடமாட்டார், நல்ல நீலமாகப் போடுவார். பொருளின் விளிம்பில் ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று மெல்லிய கோடுகளைச் சேர்த்து இழுப்பார், தூரத்தில் பார்த்தால் விளிம்பு துடிக்கும். நம்மவர் அந்த நீல நிழலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், விளிம்புக் கோட்டை விட்டுவிட்டார். ஆனாலும் சவ்வு மிட்டாய், தேன் மிட்டாய், பல்லி மிட்டாய், கருப்பட்டி மிட்டாய் என்று நான்கு பாட்டில் நிற்கும் படத்தில் அந்த நீலம் நம்மூர் மதிய வெயிலுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரு குறை: பாட்டில் மூடிகள் நான்கும் இறுக்கமாக மூடியிருக்கின்றன. பெட்டிக்கடையில் அப்படி எப்போது மூடியிருந்தது?

அல்வா தனிக்கதை. திருநெல்வேலிப் படம் என்றால் அல்வா இல்லாமல் முடியாது, கீழ ரத வீதியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரில் இருக்கும் இருட்டுக்கடையை வரைந்து கேட்காத ஆள் இல்லை. ஆனால் அல்வா வரைவது கஷ்டம். வெளிச்சம் அதன் மேல் பட்டுத் திரும்புவதில்லை, கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்புகிறது. அக்ரிலிக்கில் ஒரே பூச்சாகப் பழுப்பு போட்டால் சோப்புக் கட்டிதான் வரும்; முன்னறையில் தொங்கும் மலிவான அல்வாப் படம் சாட்சி. ஆயிலில் அவர் செய்கிற முறை வேறு. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சின் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் சேர்த்துத் தண்ணியாக, ஒரு பூச்சுக் காய்ந்தபின் இன்னொன்று என்று நான்கு முறை. ஒவ்வொன்றும் காய இரண்டு மூன்று நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம். முதல் பூச்சில் எண்ணெய் குறைவாக, மேலே போகப் போக எண்ணெய் கூடுதலாக. மாற்றிச் செய்தால் மேல்தோல் முதலில் காய்ந்து பிறகு வெடிக்கும். நெய்ப் பளபளப்புக்குச் சுத்த வெள்ளை வைத்தால் ஜெல்லியாகிவிடும். மஞ்சள் கலந்த வெளிறிய பொட்டுதான் வைக்க வேண்டும், அதுவும் இரண்டே இரண்டு.

அந்த ஆயில் படத்தில் அல்வாவைவிட அதற்கு அடியில் இருக்கும் தாளைப் பாருங்கள். நெய் ஊறிய இடத்தில் செய்தித்தாள் கண்ணாடி மாதிரி ஆகி, மறுபக்கத்து எழுத்து திரும்பித் தெரிகிறது. நெய் ஊறாத இடத்தில் இந்தப் பக்கத்து எழுத்து மட்டும். ஊறலின் விளிம்பு வட்டமாக இல்லை, தாளின் நார் போகிற திசையில் நீண்டிருக்கிறது. 15,000 ரூபாய் அந்தத் தாளுக்குக் கொடுக்கலாம். இருட்டுக்கடைப் படம் கேட்பவர்களுக்கு ஒன்று: டியூப் கறுப்பைப் போட்டால் இருட்டு வராது, தார் வரும். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்த இருட்டைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும், அவசரத்தில் மறந்துவிடுவார்.

மஞ்சப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பட்டிக்காட்டு அடையாளம் என்று கேலி செய்யப்பட்ட பை, 2019இல் பிளாஸ்டிக் தடைக்கும் 2021 டிசம்பரில் வந்த 'மீண்டும் மஞ்சப்பை'க்கும் பிறகு மரியாதையாக மாட்டப்படுகிறது. படம் சுமார். துவைத்த பையில் ஜவுளிக்கடைப் பெயர் மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் அழியும். இவர் எல்லா எழுத்தையும் சமமாக மங்கவைத்திருக்கிறார்.

தகரப் படம் ஏன் கண்ணை மூடி வாங்கலாம் என்றால், அதுதான் அவருடைய தாய்மொழி. 15 கிலோ எண்ணெய் டின்னின் ஒரு பக்கம் சுமார் 9க்கு 13 அங்குலம் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, தின்னரில் துடைத்து, 220 நம்பர் எமரித்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கோட், ஒரு நாள் விட்டு வெள்ளை எனாமல் இரண்டு கோட், அதற்குமேல்தான் படம். வெட்டிய ஓரத்தைப் பின்னால் கால் அங்குலம் மடக்கிவிடுகிறார், கை கிழிக்காது. துரு எப்போதும் வெட்டிய ஓரத்திலிருந்துதான் கிளம்பும், எனவே மடித்த இடத்திலும் ரெட் ஆக்சைடு போயிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். டின் தகரம் கிடைக்கவில்லை, துத்தநாகம் பூசிய புது ஜி.ஐ. தகட்டில் வரைகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துத்தநாகம் எனாமலோடு ஒத்துப்போகாது. அதற்கென்று உள்ள வாஷ் பிரைமர் போடாவிட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் தோல் தோலாக உரியும். இன்னொன்று: வெள்ளை எனாமல் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் ஓரளவு திரும்பும். தகரப் படத்தைப் பரணில் வைக்க வேண்டாம்.

எனாமலைக் கேன்வாஸில் வரையச் சொல்வதும் வேண்டாம். 'அதே போர்டு பளபளப்பு கேன்வாஸில்' என்று சிலர் கேட்கிறார்கள். கேன்வாஸ் மழைக்குத் தொய்யும், வெயிலுக்கு இறுகும்; எனாமல் வளையாது, வெடிக்கும்.

கேன்வாஸை வாங்கும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியம். கேன்வாஸை இழுத்து அடித்திருக்கும் சட்டக் கட்டையின் உள்விளிம்பு கேன்வாஸைத் தொடாமல் சரித்துச் சீவியிருக்க வேண்டும். தொட்டால் ஆறே மாதத்தில் படத்தில் நாலாபுறமும் ஒரு கோடு எழும். மூலைகளில் ஆப்பு இருக்கிறதா பாருங்கள், ஐப்பசியில் தொய்ந்தால் லேசாகத் தட்டி இறுக்கலாம். 30 அங்குலத்துக்கு மேல் போனால் நடுவில் குறுக்குக் கட்டை கேளுங்கள். கட்டையில் ஊசிமுனை ஓட்டையும் அடியில் மாவும் தெரிந்தால் வண்டு இருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார்.

அவரிடம் பேக்கிங் மோசம். அக்ரிலிக்குக்குச் சூடு ஆகாது, பிசுபிசுக்கும். சித்திரை வெயிலில் பபுள் ராப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றிச் சென்னைக்கு ஆம்னி பஸ்ஸில் ஏற்றினால், அங்கே பிரிக்கும்போது படம் முழுக்க வட்ட வட்டத் தடம் இருக்கும். முதலில் பட்டர் பேப்பர், நான்கு மூலையிலும் அட்டை முக்கோணம், அதன் மேல் பபுள் ராப், குமிழ் வெளிப்பக்கமாக. ஆயில் படம் என்றால் தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது போகட்டும். உடனே வார்னிஷ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சட்டம் போட அவர் அனுப்புகிற கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. புதுப் படத்துக்கு ஆபத்தில்லை, நீங்கள் மாதிரிக்குக் கொண்டுபோன பழைய காலண்டருக்குத்தான் ஆபத்து. 'இதையும் புதுசாப் பண்ணித் தர்றேன்' என்று அதை ஹார்ட்போர்டில் மைதாப் பசை தடவி ஒட்டிவிடுவார்கள். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பசை வேண்டாம், மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு சிறிய தாள் கீல் போட்டுத் தொங்கவிட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி நேராகத் தொட்டால் மழைக்காலத்தில் ஈரம் கோத்து மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது சாமியின் கன்னம் கண்ணாடியோடு வரும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் அடிக்கும் வீடுகளில் வெளிச்சுவரில் எதையுமே மாட்டக் கூடாது. மற்ற இடங்களில் சட்டத்தின் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் அரை அங்குல இடைவெளி விடுங்கள்.

கம்ப்யூட்டர் பிரின்ட்டை ஏன் வேண்டாம் என்று சொன்னோம் என்றால், அது அவருடைய படத்தைப் போனில் எடுத்து ஃப்ளெக்ஸ் கடையில் கேன்வாஸ் துணியில் அடித்தது. 1,200 ரூபாய். அவர் பிழைப்பைக் கெடுத்த அதே மெஷின்! நிறம் அடர்ந்து, எழுத்தின் நிழல் கறுத்து, நூல் காணாமல் போயிருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள், புகையில் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று.

ஆர்டர் கொடுக்க நல்ல காலம் தையிலிருந்து வைகாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னறைச் சுவர் ஓதம் காக்கும், எனாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். காலண்டர் படம் வரையச் சொல்பவர்கள் கீழ்ப்பட்டைக்குக் கீழே இன்னும் 4 அங்குலம் வெறுமையாக விட்டு, நடுவில் இரண்டு ஓட்டை போடச் சொல்லலாம்; தகரப் படத்தில் அழகாக வரும். தினசரித் தேதித் தாள் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, வாங்கிக் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாட்டிய ஒன்று அவருடைய முன்னறையில் தொங்குகிறது. பட்டையில் எழுதியிருப்பது மூடிப்போன ஒரு பெயிண்ட் கடையின் பெயர். தேதி மட்டும் ஒவ்வொரு நாளும் சரியாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது.